எட்டாம் நம்பர் பேனல்

மலேசியாவில், பேராக் மாநிலத்து லகாட்டில், ஈயம் தோண்டி முடிந்த குட்டைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆபீஸ் செய்வார்கள். ஆபீஸுக்கு மேசை நாற்காலி செய்வதில்லை ஐயா, ஆபீஸையே செய்வார்கள்! சுவர் தனி, தரை தனி, கூரை தனி, கதவு தனி. அதையெல்லாம் லோரியில் ஏற்றி, காட்டுக்குள்ளேயோ மலைமேலேயோ கொண்டுபோய், ஒரே நாளில் பூட்டி நிறுத்திவிடுவார்கள். காலையில் லாலாங் புல் மண்டிக் கிடந்த இடத்தில் சாயங்காலம் ஓர் இஞ்சினியர் உட்கார்ந்து பைல் புரட்டிக்கொண்டிருப்பார். கெபின் என்று அதற்குப் பெயர். அங்கே வேலை முடிந்தால் கழற்றி அடுத்த ஊருக்கு எடுத்துப் போகலாம்.

நவமணி அந்தப் பட்டறையில் நாலு வருஷமாக ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கெபின் சுவர் என்பது நாலடி அகலத்துப் பேனல்களை வரிசையாக நிறுத்துவதுதான். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே வெள்ளை நுரைப்பலகை, அதனால் வெயில் உள்ளே இறங்காது. ஆனால் பேனலும் பேனலும் சேருகிற விளிம்பில் ரப்பர் பட்டை ஒழுங்காக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பேராக் மழை சும்மா விடுமா? உள்ளே வந்து இஞ்சினியர் மடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். நவமணி ஒட்டிய ஒரு பேனல்கூட இதுவரை ஒழுகியதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, என்ன தப்பு?

எண்பத்தொன்றாம் வருஷம், மழைக்காலம் தொடங்குகிற நேரம், சைட்டுக்குப் போய்க் கெபின் பூட்டுகிற மண்டோர், அதாவது மேஸ்திரி, சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். பீடோருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிச் சாய்த்து எழும்புகிற செம்பனை எண்ணெய் ஆலைக்கு ஒரு கெபின் போக வேண்டும். பட்டறை முதலாளியான தவுக்கே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நவமணி கையிலிருந்த கோந்து டின்னைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் போறேன் தவுக்கே."

"நீ பொம்பளே லா!" என்றார் தவுக்கே. அவர் பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். "போலேவா? முடியுமா ஒன்னாலே?"

"போலே! ரெண்டு தடவை கூடப் போய்ப் பார்த்திருக்கேன். பேனல் எப்படி உட்காரும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

தவுக்கே அவளை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆளும் இல்லை. கடைசியில் விரலை நீட்டிச் சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள கெபின் நிக்கணும், கதவு பூட்டணும், சாவி இஞ்சினியர் கையிலே இருக்கணும். இருந்தா நீதான் சைட் மண்டோர், அடுத்த வாரம் பத்து காஜா ஊர் வேலையும் ஒனக்குத்தான். இல்லேன்னா பேசாம இங்க வந்து கோந்து தடவு. இன்னொரு தடவை கேக்காதே."

நவமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் அம்மா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள். முப்பது வருஷமும் மண்டோர் என்றால் ஆம்பளைதான், அவன் சைக்கிளில் வந்து மரத்தடியில் நின்று அதட்டுவான். அந்தப் பெயர் தனக்கு வரப்போகிறதா? அன்று பட்டறையில் அவள் சொல்லாத ஆளில்லை. சொல்லியும் வாயைத் திறக்காத ஆள் ஒருத்தன்தான். அதே பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற உடையப்பன், அவள் புருஷன்.

"என்னங்க, ஒன்னும் சொல்லலையே?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல?" என்றான். அவ்வளவுதான். ஒரு வாரம் சோற்றைத் தின்றான், சட்டையை மாட்டினான், உம்மென்று இருந்தான். பொண்டாட்டி மண்டோராவது ஐயாவுக்குப் பொறுக்கவில்லை என்று நவமணி முடிவு கட்டினாள். போகட்டும், போய்ப் பூட்டிவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புறப்படுகிற நாள் விடிந்ததும் லோரியில் ஏறினாள். ஓட்டுவது சன்னாசி. பின்னால் பேனல்களோடு பூட்டுகிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் பத்துமலை, ஆறடி ஆள், பேச்சு குறைவு. இன்னொருவன் சின்னையா, ஐம்பது வயது, அவன் குறைத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. லகாட்டில் ஏறியதிலிருந்தே "மண்டோரம்மா, காத்து வருதா? மண்டோரம்மா, ரோடு சரியா இருக்கா?" என்று பின்னாலிருந்து கூவிக்கொண்டே வந்தான். நவமணி காது கேட்காதவள்போல் இருந்தாள். கேட்டது, நன்றாகவே கேட்டது!

ஆலை கட்டுகிற இடம் ஒரே செம்மண். கெபினின் தரையை முதல் நாளே கிரேன் லோரி கொண்டுவந்து சிமெண்டுக் கட்டைகள் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தது. இருபதடி நீளம், எட்டடி அகலம். ஒன்பது மணிக்குப் பேனல்களை இறக்கி, நம்பர்படி சாய்த்து வைத்தார்கள். கதவு உள்ளது ஒன்றாம் நம்பர், அதிலிருந்து வரிசையாகச் சுற்றி வர வேண்டும். அந்தப் பட்டறைக்கு வரைபடமெல்லாம் கிடையாது, பேனலின் முதுகில் கறுப்புப் பெயின்டில் எழுதிய நம்பர்தான் வேதம்.

"ஒன்னு, ரெண்டு, மூனு, அஞ்சு..." என்று சின்னையா எண்ணினான். நாலு கிடையாது. நம்பர் எழுதுகிற ஆ பெங் சீனன், நாலு என்றால் அவன் பாஷையில் சாவு மாதிரி கேட்குமாம், அதனால் அவனுக்கு ஆகாது. எத்தனை கெபின் செய்தாலும் மூன்றுக்கு அப்புறம் ஐந்துதான். பட்டறையில் எல்லாருக்கும் அது பழக்கம், யாரும் அதைக் கேட்பதே இல்லை.

"ஆறு, ஏழு, ஒம்பது..." சின்னையா நின்றான். மறுபடி எண்ணினான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மூன்றாம் தடவை எண்ணினான். "மண்டோரம்மா, எட்டு எங்க?"

"நல்லாப் பாருங்கண்ணே!"

"நல்லாத்தான் பாக்கறேன். ஏழு இருக்கு, ஒம்பது இருக்கு. எட்டக் காணோம்."

நவமணி லோரிக்கு ஓடினாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். லோரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பதினாறு வரை எல்லாம் இருக்கிறது, எட்டு மட்டும் இல்லை. வருகிற வழியில் ஆலை ரோடு குண்டும் குழியுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டதே, அங்கே விழுந்திருக்குமோ? கயிறு கட்டும்போது நின்று பார்த்தது யார்? அவள்தான். முதல் நாளே ஒரு சுவரை ரோட்டில் போட்டுவிட்டு வந்த மண்டோர்! ஐயோ, இதைவிட வேறு கேவலம் வேண்டுமா?

"சன்னாசியண்ணே, வந்த வழியே மெதுவாத் திரும்பிப் போங்க. ரெண்டு பக்கமும் ரோட்டோரக் கான் பள்ளத்தைப் பாருங்க. கிடைக்கலன்னா பீடோர் கோப்பிக் கடையில போன் இருக்கு, பட்டறைக்கு அடிச்சுக் கேளுங்க, எட்டு அங்கயே விட்டுப்போச்சான்னு."

சன்னாசி லோரியைத் திருப்பினான். "அதுவரைக்கும் நாம என்ன பண்ணுறது மண்டோரம்மா?" என்று சின்னையா பீடியைப் பற்றவைத்தான்.

"வேலையப் பாக்கறது. எட்டுக்கு எடம் விட்டுட்டு மத்ததைப் பூட்டிட்டு வருவோம். வந்ததும் சொருகிடலாம். எழுந்திருங்கண்ணே!"

சொன்னது சரியான யோசனைதான். முன்பக்கம் ஐந்து பேனல் மளமளவென்று ஏறியது. பக்கவாட்டில் ஏழாம் நம்பர். அதற்குப் பக்கத்தில் நாலடி இடைவெளி விட்டு, மூலை திரும்பிப் பின்பக்கச் சுவரில் ஒன்பதை நிறுத்தினார்கள். ஒன்பதில் ஏசி வைக்கிற சதுர ஓட்டை இருந்தது.

"ஏசி ஓட்ட எப்பவும் பக்கவாட்டுலதான வரும்? இது பின்னாடி வருது?" என்று பத்துமலை அன்று முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"நம்பர் என்ன சொல்லுதோ அதுதான்," என்றாள் நவமணி. அவள் குரலில் பழைய தோட்டத்து மண்டோரின் அதட்டல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பத்துமலை தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பேனரைத் திருகினான்.

பன்னிரண்டு மணிக்கு இஞ்சினியர் பெத்தபெருமாள் ஜீப்பில் வந்து இறங்கினார். வேட்டி கட்டி வட்டிக்கடையில் உட்கார்ந்த குடும்பத்துப் பிள்ளை, ஆனால் இவர் காக்கிக் காற்சட்டையும் சேற்றுப் பூட்சுமாக இருந்தார். கெபினைச் சுற்றி வந்தார். இடைவெளியில் தலையை நீட்டி மறுபக்கம் பார்த்தார்.

"இது என்ன ஜன்னலா?"

"ஒரு பேனல் வந்துக்கிட்டு இருக்கு சார்."

"அப்படியா? நாளைக்குக் காலையில எல்லா மெஷின் பேப்பரும் இங்கதான் வருது. சுவத்துல ஓட்டையோட நான் எடுத்துக்க மாட்டேன். அஞ்சு மணிக்கு வருவேன். முழுசா நிக்கலன்னா ஒங்க தவுக்கேகிட்டத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன், ஆமா." மரியாதையாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது நவமணிக்கு.

ஒரு மணிக்குச் சன்னாசி வெறுங்கையோடு வந்தான். கானில் இல்லை, ரோட்டில் இல்லை. பட்டறைக்குப் போன் போட்டானாம். கணக்கெழுதுகிற கிராணி எடுத்து, "எட்டு எங்கே?" என்று கொட்டகைக்குள் திரும்பிக் கூவியது கேட்டதாம். பதில் வருவதற்குள் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. சில்லறை மாற்றக் கடையில் ஆளில்லை. சன்னாசியைத் திட்டவும் அவளுக்குத் தெம்பில்லை.

மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பின்சுவர் முடிந்தது. கடைசிப் பக்கவாட்டில் பதினாலு நின்றது, பதினைந்து நின்றது. பத்துமலை பதினாறைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், வந்தவன் அப்படியே நின்றான். பதினைந்துக்குப் பக்கத்தில் ஒன்றாம் நம்பர் கதவுதான் இருந்தது. சுவர் முட்டிவிட்டது.

"இத எங்க வைக்க?" என்றான்.

சின்னையா ஓடிவந்து பார்த்தான். "அங்க ஒன்னு கொறையுது, இங்க ஒன்னு மிச்சம்! என்னம்மா இது கூத்து?"

நவமணி தரைச் சட்டத்தில் நின்று எண்ணினாள். முன்னால் ஐந்து, பக்கத்தில் இரண்டு, பின்னால் ஐந்து, பக்கத்தில் இரண்டு. பதினாலு இடம். பிறகு பேனல்களை எண்ணினாள், நம்பரைப் பார்க்காமல், விரலை மட்டும் நீட்டி. பத்துமலை தோளில் இருப்பதோடு சேர்த்துப் பதினாலு. சரியாகப் பதினாலு! எதுவும் விழவில்லை, எதுவும் குறையவில்லை. எட்டு என்று ஒரு பேனலே பிறக்கவில்லை!

குனிந்து ஏழைப் பார்த்தாள், ஒன்பதைப் பார்த்தாள். ஆ பெங் எழுத்து இப்படியா இருக்கும்? அவன் எழுதினால் அச்சுப்போல் இருக்கும். இங்கே ஏழுக்குக் கழுத்தில் ஒரு கோடு, ஒன்பதுக்குப் பன்றி வால்போல் ஒரு சுழி. இந்தச் சுழியை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். அப்போதுதான் உறைத்தது. ஆ பெங் ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடக்கிறான். நம்பர் போட்டது அவள் வீட்டுக்காரன்!

உடையப்பனுக்கு எட்டு என்றால் சனியன். தோட்டத்து லயத்தில் எட்டாம் நம்பர் வீட்டில் பிறந்தவன். அந்த வீட்டில் புயலுக்குக் கூரை போனது, வளர்த்த நாய் ஓடிப்போனது, அப்பா வழுக்கி விழுந்து கால் உடைந்தது, எல்லாம் அந்த நம்பரால்தான் என்று சத்தியம் செய்வான். எட்டாம் தேதி முடிவெட்ட மாட்டான். எழுபத்தொன்பது முடிந்து எண்பது பிறந்தபோது, இன்னும் பத்து வருஷம் இந்த எட்டோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினவன் அவன். சீனனுக்கு நாலு ஆகாது என்று அதை விட்டான், தனக்கு எட்டு ஆகாது என்று இதையும் விட்டான். யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னானா, பாவி மனுஷன்!

நவமணிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அவள் சேற்றில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்டோரம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சின்னையா இரண்டடி பின்வாங்கினான்.

"எட்டே கிடையாதுண்ணே! என் வீட்டுக்காரர் எழுதல. பத்துமலை அண்ணன் ஏசி ஓட்டையப் பத்திச் சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும், தப்பு என்மேலயும் இருக்கு. ஒம்பதுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் கழட்டணும். ஏழு பேனல். ஒவ்வொன்னையும் ஒரு எடம் முன்னாடி தள்ளணும். மணி என்ன?"

"ரெண்டரை."

"அப்புறம் கூரை இருக்கு. வாங்க, சன்னாசியண்ணே, நீங்களும் வாங்க. டிரைவர்னு அங்க உட்கார்ந்திருந்தா நான் விடமாட்டேன்!"

மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா அது? ஸ்பேனர் கையில் வழுக்கியது. ஒன்பது கழன்றது, இடைவெளிக்குள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏசி ஓட்டை பக்கவாட்டுக்கே வந்துவிட்டது. பத்துமலை அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் காலையில் சொன்னது சரியாகப் போனதில் அவனுக்கும் ஒரு சந்தோஷம்.

பன்னிரண்டாம் நம்பரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கீழே ரோட்டில் ஒரு ஹொண்டா உறுமுகிற சத்தம். சேற்றில் வழுக்கி, விழுந்து, எழுந்து, கடைசியில் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மனுஷன் மேட்டில் ஓடிவந்தான். தலையிலிருந்து கால்வரை செம்மண். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினான்:

"எட்டு இல்ல! நவமணி, எட்டே இல்ல!"

சின்னையா தாங்க முடியாமல் பேனலை விட்டுவிட்டுச் சிரித்தான். பத்துமலை தனியாளாக அதைப் பிடித்துக்கொண்டான். உடையப்பன் மூச்சிரைக்க வந்து நின்று, நகர்ந்துகொண்டிருக்கிற பேனல்களைப் பார்த்தான், எல்லாரையும் பார்த்தான்.

"தெரிஞ்சிருச்சா?" என்றான்.

"தெரிஞ்சிருச்சு. லகாட்டுலேர்ந்து இந்த மழையில இதச் சொல்லவா வந்தீங்க?"

"இந்தச் சன்னாசி போன வச்சுட்டான்லா! இங்க போன் இல்ல, வேற என்ன பண்ணுவேன்?" அவன் குரல் தணிந்தது. "ஒன்னோட மொத வேல. அதுல போய்ச் சனியன் நம்பரு எதுக்குன்னு விட்டுட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

நவமணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தாள், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பேசறதுக்கு நேரம் இல்ல. கீழ் போல்ட்டு எல்லாம் ஒங்களுது. அடிப்பக்கத்துலேர்ந்து இறுக்கிக்கிட்டு வாங்க."

உடையப்பன் மறுபேச்சில்லாமல் சேற்றில் மல்லாந்து படுத்துத் தரைக்கடியில் ஊர்ந்தான். வெல்டிங்காரன் கை, போல்ட்டு ஒவ்வொன்றும் கிறீச்சென்று இறுகியது. நாலு மணிக்குப் பதினாறு அதன் இடத்தில் நின்றது. நாலரைக்குக் கூரைத் தகடுகள் ஏறின. நவமணி மட்டும் ஒரு துணியோடு உள்ளே போய் ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வந்தாள். ஒரு பட்டைகூட விலகவில்லை. கதவைச் சாத்தினாள். கிளிக்கென்று பூட்டியது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இஞ்சினியர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சாவியை வாங்கினார், திறந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே ஐந்து பேரும் கொட்டுகிற மழையில் நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுவரை வருடிப் பார்க்கிறாரா, ஒழுக்கைத் தேடுகிறாரா? சின்னையாகூட வாயை மூடிக்கொண்டிருந்தான், அதிசயம்!

கதவு திறந்தது. "மழையில ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க எல்லாரும்," என்றார் பெத்தபெருமாள். "சொட்டுத் தண்ணி வரலையே! இந்த மாதிரி காய்ஞ்ச எடம் இந்த சைட்டுல வேற எங்க இருக்கு?"

சேற்றுக் காலோடு எல்லாரும் புது ஆபீஸுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அவர் பையிலிருந்து ஒப்படைப்புத் தாளை எடுத்தார். "மண்டோர் யாரு? இங்க கையெழுத்துப் போடணும்."

சின்னையா தொண்டையைச் செருமினான். "இவங்கதான் சார் எங்க மண்டோர்," என்றான். இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை. நவமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

திரும்பும்போது ஹொண்டாவை லோரிக்குப் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். சின்னையாவும் பத்துமலையும் அதோடு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தார்கள். முன்னால் சன்னாசி, நவமணி, ஓரத்தில் உடையப்பன். லோரி பீடோரைத் தாண்டியது.

"ஒரு வாரமா உம்முன்னு இருந்தீங்க," என்றாள் நவமணி. "நான் மண்டோராப் போறது ஒங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன்."

உடையப்பன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தான். "புடிக்கலயா? எனக்குப் பயம் லா. அங்க ஒன்னு கெடக்க ஒன்னு ஆயி, நாலு பேரு ஒன்னைப் பார்த்துச் சிரிச்சா நான் எப்படித் தாங்குவேன்? போகாதன்னு சொல்லவும் மனசு வரல, ஒன் மொகத்துல அவ்வளவு சந்தோசம். என்னால முடிஞ்சது அந்த ஒரு நம்பர எடுத்ததுதான். அதுவும் இப்படி ஆயிருச்சு."

நவமணி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் கூட வாழ்ந்த மனுஷனை இத்தனை தப்பாகவா எடைபோட்டோம் என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது குரலை வேண்டுமென்றே கறாராக வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் பத்து காஜாவுல வேலை. கீழ் போல்ட்டு இறுக்க நல்ல ஆள் வேணும். வாரீங்களா?"

சன்னாசி ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, சேறு காய்ந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வாரேன், மண்டோர்," என்றான்.